ஒரே மின்னஞ்சல் ஒன்பது முறை வந்தது: ஒரு சர்வர் மாற்றத்தின் பதிவு

இருப்புக் குறைந்த பொருள்களின் பட்டியல் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எனக்கு மின்னஞ்சலாக வரும். அது இரண்டிரண்டாக வருவதைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சல் சேவையில் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டி, ஒன்றை அழித்துவிட்டு மற்றதைப் படிப்பேன். என் நிரலே இரண்டு முறை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை.

உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் இருப்புப் பதிவேடு அது. பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற வலைப் பயன்பாட்டுக் கட்டமைப்பைக் கொண்டு எழுதியது. தரவு முழுவதும் ஒரே ஓர் எஸ்க்யூலைட் கோப்பில்; தனிச் சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளம் அது. ஃபிளாஸ்க்கோடு கூடவே வரும் சர்வரை 5000 என்ற போர்ட்டில் ஓடவிட்டிருந்தேன். தொடங்கும்போதெல்லாம் அது சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும்: இது நிரல் எழுதும்போது சோதிப்பதற்கான சர்வர், நேரடிப் பயன்பாட்டில் வைக்க வேண்டாம் என்று. மூன்று பேர் மட்டும் பயன்படுத்தும் இடத்தில் அந்த எச்சரிக்கை சுவரொட்டி போலாகிவிட்டது; கண்ணில் படும், மனதில் படாது. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடியது.

பயன்படுத்துவோர் நாற்பது பேர் ஆனபோது புகார்கள் தொடங்கின. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வரவுப் பதிவு செய்யும் நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு பிழை என்று வருகிறது. உள்ளேயே வரும் சர்வர் தாங்கவில்லை, வெளியே ஒரு முறையான சர்வரை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று உடனே நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் மற்றவர்களிடம் சொல்லியும் விட்டேன். நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான்.

லாக்கில் சர்வரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது என்ற ஒரே வரிதான் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது.

எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். பைத்தானின் எஸ்க்யூலைட் நூலகம் இயல்பாக 5 விநாடி காத்திருக்கும், அதற்குள் பூட்டுத் திறக்காவிட்டால் பிழை தரும். ஒரு வரவைப் பதிவு செய்ய சில மில்லி விநாடிகள் போதும். நாற்பது பேர் எழுதினாலும் 5 விநாடி என்பது ஓர் யுகம். எனவே யாரோ ஒருவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறெதையோ செய்துகொண்டிருந்தார் என்று அர்த்தம். தேடினேன். அந்த ஒருவர் என் நிரல்தான். வரவை எழுது, பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பு, பிறகு கமிட் செய் (எழுதியதை உறுதிசெய்து பூட்டை விடு) என்ற வரிசையில் எழுதியிருந்தேன். அஞ்சல் சர்வர் பதில் சொல்ல மூன்று விநாடி எடுத்தால், அந்த மூன்று விநாடியும் பூட்டு என் கையில். முதல் ஆள் மூன்று, இரண்டாம் ஆள் மூன்று. மூன்றாம் ஆள் ஆறு விநாடி காத்திருக்க வேண்டும், ஐந்திலேயே தூக்கி எறியப்படுவார்.

கமிட்டை மின்னஞ்சலுக்கு மேலே நகர்த்தினேன். ஒரு வரி இடம் மாறியது, அவ்வளவே. கூடவே எஸ்க்யூலைட்டின் வால் (WAL) முறையையும், அதாவது மாற்றங்களை முதலில் ஒரு தனிக் கோப்பில் குறித்துவைக்கும் முறையையும், இயக்கினேன். 2010-இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. அதில் எழுதுபவரும் படிப்பவர்களும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. ஆனால் எழுதுபவர் அப்போதும் ஒருவர்தான். மறுநாள் ஒன்பது மணிக்குப் புகார் ஒன்றும் இல்லை. சர்வரைத் தொடவே இல்லை. லாக்கைப் பார்க்காமல் நான் சொன்னபடியே வெளி சர்வரை நிறுத்தியிருந்தால், அதே பூட்டின் முன் இன்னும் அதிகம் பேரை வேகமாகக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

உள் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். ஃபிளாஸ்க் 1.0 பதிப்பிலிருந்தே அது ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் திரெட்டை, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் ஓர் இழையை, தொடங்குகிறது. பிஎச்பி மொழியின் உள் சர்வருக்கு வேண்டுமானால் அந்தக் குறை பொருந்தும்; 5.4 பதிப்பில் வந்த அது இயல்பாக ஒற்றைப் புராசஸில், அதாவது ஓடும் நிரலின் ஒரே பிரதியில், ஓடுவது. ஃபிளாஸ்க்கின் உள் சர்வரில் சிக்கல் நேர்மாறானது: திரெட்டுகளுக்கு உச்சவரம்பே இல்லை. மெதுவான இணைப்பில் இருப்பவர் பதிலைத் துளித்துளியாக வாங்கிக்கொண்டிருந்தால் அவருக்காக ஒரு திரெட் முடியும்வரை காத்துக் கிடக்கும்.

சர்வரை மாற்ற வேண்டிய உண்மையான காரணம் வேறொரு நாளில் வெளிப்பட்டது. ஒரு படிவத்தில் தவறான தேதியை உள்ளிட்டுப் பார்த்தேன். சாதாரணப் பிழைப் பக்கத்துக்குப் பதிலாக என் நிரலின் வரிகள் அத்தனையும் உலாவியில் விரிந்தன. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சின்னக் குறி. அதைச் சொடுக்கினால் அங்கேயே பைத்தான் கட்டளைகளை எழுதி சர்வரில் ஓடவிடலாம். பிழை தேடுவதற்கான டீபக் முறையை அணைக்காமலே இரண்டு ஆண்டு ஓடவிட்டிருக்கிறேன். அந்தக் கட்டளைப் பெட்டிக்குக் காவல் ஒரு பின் எண் மட்டும்தான். உடல் ஒரு கணம் சில்லிட்டது.

இரட்டை மின்னஞ்சலின் மர்மமும் அதிலேயே அவிழ்ந்தது. டீபக் முறையில் நிரல் மாறியதா என்று கண்காணிக்க ஒரு புராசஸ், உண்மையில் பதில் சொல்ல இன்னொரு புராசஸ் என்று இரண்டு ஓடும். என் நிரல் இரண்டிலும் ஏற்றப்படும். காலை ஏழு மணி வேலையைத் தொடங்கும் வரி நிரலின் மேல்மட்டத்திலேயே இருந்ததால், இரண்டு புராசஸும் ஆளுக்கொரு கடிகாரம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பின.

மாற்றத்தைத் திட்டமிட்டேன். முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் பைத்தான் நிரலை ஓட்டும் சர்வரான குனிகார்ன், அதற்குப் பின் தனிச் சர்வராக ஓடும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ். தரவுத்தளத்தையும் மாற்றியதற்குக் காரணம் வேகம் அல்ல; வேறொரு கணினியில் ஓடும் பார்கோடு நிரலும் அதே தரவில் எழுத வேண்டியிருந்தது. வால் முறையில் உள்ள எஸ்க்யூலைட் கோப்பை வலையமைப்புக் கோப்புப் பகிர்வின் மேல் வைத்து இரண்டு கணினிகள் எழுத முடியாது.

தரவை நகர்த்தியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு இடறல்களைத் தவிர. எண்ணிக்கைக்கான பத்தியில் எஸ்க்யூலைட் எதையும் வாங்கிக்கொள்ளும். யாரோ ஒருவர் ‘12 பெட்டி’ என்று எழுதியதும் அதில் கிடந்தது. போஸ்ட்கிரெஸ் அதைத் தொடவே மறுத்தது, நியாயமாக. இன்னொன்று, வரிசை எண்களோடு சேர்த்து வரிகளை நகலெடுத்தேன். ஆனால் அடுத்த எண்ணைத் தரும் கணக்கி ஒன்றிலிருந்தே தொடங்கியது. முதல் புதிய வரவே ஏற்கெனவே உள்ள எண் என்று திருப்பி அனுப்பப்பட்டது. கணக்கியை இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு நகர்த்தியதும் சரியானது.

குனிகார்னுக்கு எத்தனை வொர்க்கர்கள், அதாவது நிரலை ஓட்டும் தனித்தனிப் புராசஸ்கள்? கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்பது அதன் ஆவணமே சொல்லும் தொடக்கக் கணக்கு. நான்கு கோர் உள்ள கணினி, ஆக ஒன்பது. அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு வொர்க்கருக்கும் இருபது திரெட் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று கை அரித்தது, கொடுத்தேன். ஞாயிறு இரவு எல்லாவற்றையும் மாற்றி, நானே நாலு பக்கங்களைத் திறந்து பார்த்து, திருப்தியோடு தூங்கப் போனேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஒன்பது மின்னஞ்சல்கள் வந்தன.

காரணத்தை ஊகிக்கச் சிரமமில்லை: ஒன்பது வொர்க்கர், ஒன்பது கடிகாரம். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். முடிப்பதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது, தரவுத்தளம் கதவை மூடிவிட்டது. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அதிகம், மன்னிக்கவும் என்று போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தும் மென்பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஞாயிறு இரவே போட்டிருக்க வேண்டிய கணக்கு. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை அனுமதிக்கும். அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. மீதி 97. என் நிரல் பயன்படுத்தும் தரவுத்தள நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமி, இணைப்புகளை மறுபடி பயன்படுத்த ஒரு பூலில் (தொகுப்பில்) வைத்திருக்கும்: இயல்பாக 5, நெருக்கடியில் மேலும் 10. ஆக 15. ஆனால் அந்தப் பூல் நிரலுக்கு ஒன்று அல்ல, புராசஸுக்கு ஒன்று. உள் சர்வரில் பதில் சொல்லும் புராசஸ் ஒன்றாக இருந்தவரை உச்சவரம்பு பதினைந்துதான். இப்போது ஒன்பது புராசஸ்; 9 × 15 = 135. முகப்புத் திரை திறந்ததும் ஐந்து சிறு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும். நாற்பது பேர் ஒரே சமயத்தில் திறந்தால் இருநூறு. முன்பு திரெட்டுகள் வரம்பில்லாமல் முளைத்தாலும் பூல் அவற்றைப் பதினைந்தில் நிறுத்தி வைத்திருக்கும். வெளி சர்வர் வந்ததும் அந்த வாசல் ஒன்பது வாசலாகிவிட்டது.

போஸ்ட்கிரெஸின் வரம்பை 300 ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. அங்கே ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனிப் புராசஸ், ஒவ்வொன்றும் நினைவகம் பிடிக்கும் என்பதால் அதைச் செய்யவில்லை. திரெட்டுகளை அடியோடு நீக்கினேன். ஒன்பது வொர்க்கர், ஒன்றுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை, ஆக மொத்தம் ஒன்பது இணைப்பு. ஒன்பது போதுமா என்று தயங்கினேன். என் சராசரிக் கோரிக்கை 20 மில்லி விநாடியில் முடிகிறது. ஒரு வொர்க்கர் விநாடிக்கு ஐம்பது, ஒன்பது பேர் நானூற்றைம்பது. நாற்பது பேர் இருக்கும் கிடங்குக்கு இது தாராளம். இந்த ஏற்பாடு வேலை செய்வதற்கு என்ஜின்எக்ஸ் முன்னால் இருப்பதும் ஒரு காரணம். மெதுவான இணைப்பில் உள்ளவரின் கோரிக்கையை அது முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் தருகிறது. பதிலையும் தானே வாங்கிவைத்து நிதானமாகக் கொடுக்கிறது. வொர்க்கர் 20 மில்லி விநாடியில் விடுபடுகிறது. அது இல்லாமல் குனிகார்னின் எளிய வொர்க்கர்களை நேரடியாக வெளியே காட்டினால், மெதுவான கைபேசி இணைப்புகள் ஒன்பது போதும், கடை மூடிவிடும்.

ஒன்பது மின்னஞ்சல்களுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. குனிகார்னில் ப்ரீலோட் என்றொரு தெரிவு உண்டு. நிரலைத் தலைமைப் புராசஸிலேயே ஒரு முறை ஏற்றிவிட்டு, அதிலிருந்து வொர்க்கர்களைக் கிளைக்கச் செய்யும். கடிகாரத் திரெட் தலைமையோடு நின்றுவிடும், கிளைகளுக்குப் போகாது. மறுநாள் ஒரே மின்னஞ்சல் வந்தது. கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே திரைகளில் விநோதங்கள் தொடங்கின. ஒருவர் பக்கம் சரியாக வருகிறது, அடுத்தவருக்குச் சர்வருடன் ஒத்திசைவு தவறிவிட்டது என்ற பிழை. ஒரு பக்கத்தில் பொருள் பெயர்கள் இருக்க வேண்டிய பத்தியில் வேறேதோ ஓர் அட்டவணையின் வரிகள். பூட்டு, வரம்பு போன்ற கோளாறுகள் நிரலை நிறுத்தும். இது தவறான விடையைத் தருகிறது. பார்த்ததும் பயன்பாட்டையே நிறுத்திவைத்தேன்.

நிரல் தொடங்கும்போது சில அமைப்புகளைத் தரவுத்தளத்திலிருந்து படிக்கும். அதற்காகத் திறந்த இணைப்பு பூலில் உட்கார்ந்திருந்தது. ப்ரீலோட் அந்தப் பூலோடு சேர்த்தே ஒன்பது கிளைகளை உண்டாக்கியது. ஒன்பது வொர்க்கர்களும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை இன்னொருவர் எடுத்துக் குடித்தார்கள். கிளைத்த பிறகு பழைய பூலைக் கைவிட்டுப் புதிதாகத் திறக்கும்படி குனிகார்னின் போஸ்ட்ஃபோர்க் கொக்கியில் எழுதலாம்; அதுதான் முறை. ஒரு மின்னஞ்சலுக்காக இவ்வளவா என்று எரிச்சல் வந்து ப்ரீலோடையே எடுத்தேன். காலை வேலையைச் சர்வருக்குள் வைத்ததே தவறு, அதைக் கிரானுக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கணினியின் சேவைக்கு, அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என்ஜின்எக்ஸ் பக்கத்துத் தொல்லைகள் சிறியவை. சேதமான பாகங்களின் புகைப்படங்களை ஏற்ற முடியவில்லை, 413 என்று வந்தது. கோரிக்கையின் அளவுக்கு அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. கூட்டினேன். லாக்கில் நாற்பது பேரும் 127.0.0.1 என்ற, அதே கணினியைக் குறிக்கும், ஒரே முகவரியிலிருந்து வந்தார்கள். உண்மையான முகவரியைத் தலைப்பில் அனுப்பச் சொல்லி, அதை நம்பும்படி ஃபிளாஸ்க் பக்கம் ப்ராக்ஸிஃபிக்ஸ் என்ற துணை நிரலைச் சேர்த்தேன்.

ஆண்டறிக்கை மட்டும் மூன்று நாள் என்னை உட்காரவைத்தது. அது 75 விநாடி எடுக்கும். உள் சர்வரில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து சேரும். இப்போது 30 விநாடியில் குனிகார்ன் அந்த வொர்க்கரைக் கொன்றது, பயனருக்கு 502 என்ற பிழை. குனிகார்னின் வரம்பை 120 ஆக்கினேன். இப்போது 60 விநாடியில் என்ஜின்எக்ஸ் பொறுமை இழந்தது, பயனருக்கு 504. அதையும் கூட்டப் போகும் முன், தற்செயலாக போஸ்ட்கிரெஸில் நடப்பு இணைப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். அதே ஆண்டறிக்கைக் கேள்வி ஆறு பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. பிழை வந்ததும் பயனர் புதுப்பி பொத்தானை அழுத்துவார். முன்னால் நின்றவர் போய்விட்டார் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. விடையை அனுப்ப முயலும்போதுதான் அறியும். அதுவரை ஆறு பேருக்கான வேலையை ஒருவருக்கும் உதவாமல் செய்துகொண்டிருக்கும்.

ஒரு கேள்வி இத்தனை விநாடிக்கு மேல் ஓடக்கூடாது என்று போஸ்ட்கிரெஸிலேயே வரம்பு வைத்தேன், என்ஜின்எக்ஸின் வரம்பைவிடச் சற்றுக் குறைவாக. பிறகு அறிக்கையின் கேள்வியை தரவுத்தளம் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்த்தேன். தேதிப் பத்தியில் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் முழு அட்டவணையையும் நடந்து தேடியிருக்கிறது. ஒரு இண்டெக்ஸ் சேர்த்ததும் இரண்டு விநாடி. உள் சர்வரின் பொறுமை இரண்டு ஆண்டுகள் மறைத்துவைத்த குறை அது.

அதே கணினியில் என்னுடைய இன்னொரு பயன்பாடும் இருக்கிறது: கருவிகளை இரவல் வாங்குவோர் பதிவேடு. ஐந்து பேர், நாளுக்கு இருபது பதிவு, எஸ்க்யூலைட். இதையும் போஸ்ட்கிரெஸுக்கும் குனிகார்னுக்கும் நகர்த்தும் வேகம் எனக்கு வந்திருந்தது. நல்லவேளையாகக் களைத்துப் போயிருந்தேன். அதற்கு வெயிட்ரஸ் என்ற சர்வரை நிரலுக்குள்ளேயே இறக்குமதி செய்து, இரண்டே வரிகளில் தொடங்கினேன். ஒரே புராசஸ், இயல்பாக நான்கு திரெட். மெதுவான இணைப்புகளைத் தானே தாங்கி வைத்துக்கொள்ளும், டீபக் பெட்டி கிடையாது. எஸ்க்யூலைட்டுக்கு ஒரே புராசஸ் என்பது குறையே அல்ல. எச்டிடிபிஎஸ்ஸுக்காக மட்டும் ஏற்கெனவே இருக்கும் என்ஜின்எக்ஸின் பின்னால் நிறுத்தினேன். ஒரு மணி நேர வேலை, அதன் பிறகு அதை நான் தொடவில்லை.

உள் சர்வர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் உலவுகின்றன என்பது என் எண்ணம். ஃபிளாஸ்க், அதுபோன்ற ஜாங்கோ இரண்டும் தருவது சோதனைக்கான சர்வர். அதைச் செய்தவர்களே வெளியே காட்டாதே என்கிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெயிட்ரஸும், ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்புக்குள் வரும் டாம்கேட்டும் நிரலுக்குள் பொதிந்த முழுமையான சர்வர்கள். டாம்கேட் இயல்பாக 200 திரெட்டுகள் வரை போகும், அங்கே கூட வரும் ஹிகாரி பூலோ பத்து இணைப்போடு நிற்கும், ஆக அங்கும் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்தப் பத்தைத்தான். மூன்றாவது வகையில் தரவுத்தளமே எச்டிடிபி பேசும். கவுச்டிபி 5984 போர்ட்டில் நேரடியாகப் பதில் சொல்கிறது. ஆரக்கிளுக்குள்ளேயே ஒரு பிஎல்எஸ்க்யூஎல் கேட்வே இருந்தது. நிறுவுவது எளிது, ஆனால் உலகம் தட்டும் கதவும் தரவு இருக்கும் அறையின் கதவும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வகையை நான் இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்க மாட்டேன். முன்னால் ஒரு என்ஜின்எக்ஸாவது நிற்க வேண்டும்.

கடைசியாகக் கிரான். காலை ஏழு மணி வேலையைத் தனி நிரலாக்கி அதில் போட்டேன். மறுநாள் சரியாக ஏழுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல். அடுத்த நாளும் ஒன்று. நான்காம் நாள் கிடங்கிலிருந்து கேட்டார்கள்: போன வாரம் வந்து இறங்கிய தாங்கிகளை இன்னும் ஏன் குறைவு என்று காட்டுகிறீர்கள்?

கிரான் ஏறக்குறைய வெறுஞ்சூழலில் ஓடும். என் ஷெல்லிலும் சேவைக் கோப்பிலும் வைத்திருந்த சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைப்புகள்) அதற்குத் தெரியாது. தரவுத்தள முகவரி அப்படியொரு மாறியில் இருந்தது. அது கிடைக்காவிட்டால் எஸ்க்யூலைட் கோப்பைத் திற என்று முதல் நாள் எழுதிய ஒரு வரி நிரலில் அப்படியே கிடந்தது. பழைய கோப்பையும் பாதுகாப்புக்காக நான் அழிக்கவில்லை. நான்கு நாளாக அந்த மின்னஞ்சல் மாற்றம் நடந்த ஞாயிற்றுக்கிழமையின் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது, நேரம் தவறாமல்.

அந்த வரியை நீக்கி, முகவரி இல்லையென்றால் உடனே நின்றுவிடு என்று மாற்றினேன். பழைய கோப்பை வேறொரு வட்டுக்கு நகர்த்தினேன். மாறியைக் கிரான் வரிக்கு மேலே எழுத அன்று மறந்துவிட்டேன். அதனால் அடுத்த காலை மின்னஞ்சல் வரவில்லை, பிழைச் செய்தி வந்தது. எழுதினேன். அதற்கடுத்த காலை ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் தாங்கிகள் இல்லை.